மாவுச்சத்தைக் குறைத்து உண்ணல்

டில்லி கரோல்பாக்கில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் தமிழன்பர் ஒருவர் நமக்கு உண்டு. ஐம்பது வயதை நெருங்கும் தறுவாயில் அவர் உடல் பருத்தது. இரத்தத்தில் சர்க்கரையும் ஏறியது. "சோற்றை விடுங்கள்" என்று கண்டோர் யாவரும் ஒருமுகமாகச் சொன்னார்கள். தஞ்சைப் பக்கத்தில் பிறந்து, மூன்று வேளையும் அரிசியை ஏதேனும் ஓர் உருவில் உண்டு வளர்ந்தவர் அவர். எனினும் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு சோற்றை அடியோடு விட்டார். பகலிலும் இரவிலும் கோதுமைச் சப்பாத்தியே உண்டார். ஆறு மாதம் கழித்து நிறுத்துப் பார்த்தபோது எடை குறையவில்லை; சர்க்கரையும் இறங்கவில்லை. "இத்தனை பெரிய தியாகம் செய்தும் பயனைக் காணோமே" என்று நம்மிடம் முறையிட்டார். வேளைக்கு எத்தனை சப்பாத்தி என்று வினவினோம். "ஆறுதான்" என்றார்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அவர் முன்பு ஒரு வேளைக்கு உண்ட சோறு ஏறத்தாழ 150 கிராம் அரிசியில் வடித்தது. அரிசியில் நூற்றுக்கு 78 பங்கு மாவுச்சத்து. ஆகவே ஒரு வேளைச் சோற்றில் 117 கிராம் மாவுச்சத்து அவர் உடலில் சேர்ந்தது. சப்பாத்தி ஒன்றுக்கு 30 கிராம் மாவு என்று கொண்டால் ஆறு சப்பாத்திக்கு 180 கிராம். கோதுமை மாவில் நூற்றுக்கு 64 பங்கு மாவுச்சத்து. ஆக, 115 கிராம். அன்பர் துறந்தது இரண்டே கிராம்! கோதுமையில் புரதமும் நார்ப்பொருளும் சற்று மிகுதி என்பது மெய்தான். ஆனால் வயிற்றுக்குள் சென்ற மாவுச்சத்தின் அளவு மாறவே இல்லை. தானியத்தின் பெயரை மாற்றினாரேயன்றி அளவை மாற்றினாரில்லை.

இவர் ஒருவர் மட்டும் இவ்வாறு ஏமாந்தவர் அல்லர். 'அரிசி கெடுதல், கோதுமை நல்லது' என்ற எண்ணம் தென்னாட்டவரிடையே வேரூன்றியிருக்கிறது. அண்மைக் காலத்தில் 'கோதுமையும் வேண்டா, கேழ்வரகும் தினையுமே மருந்து' என்பாரும் பலர். மாவுச்சத்தைக் குறைத்து உண்பது என்றால் என்ன, அதனால் உடல் எடை எவ்வாறு குறைகிறது, நம் நாட்டு உணவுக்கு அது எந்த அளவில் பொருந்தும், எவரெவர் அதில் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்பவற்றை ஆராய்வதே நம் நோக்கம்.

அரிசி, கோதுமை, கேழ்வரகு, சோளம், உருளைக்கிழங்கு, மரவள்ளி, சர்க்கரை, வெல்லம் ஆகிய எல்லாவற்றிலும் மேலோங்கி நிற்பது மாவுச்சத்து அல்லது அதன் இனமான சர்க்கரைச் சத்து. குடலில் செரிக்கும்போது இவை பெரும்பாலும் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. நலமாக உள்ள ஒருவருடைய உடலில் ஓடும் இரத்தம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், அதில் எந்த நேரத்திலும் இருக்கும் குளுக்கோஸ் ஏறத்தாழ 5 கிராம். அதாவது ஒரு தேக்கரண்டி. நம் அன்பர் ஒரு வேளையில் உண்டதோ இருபதுக்கு மேற்பட்ட தேக்கரண்டி. ஒரு தேக்கரண்டியே தங்கக்கூடிய வாய்க்காலில் இருபது தேக்கரண்டிச் சர்க்கரை இரண்டு மூன்று மணி நேரத்தில் பாய்ந்தாகவேண்டும். வாய்க்கால் கரை உடையாமல் காப்பது இன்ஸுலின் என்னும் சுரப்பு. கணையம் இதைச் சுரந்து, வந்த குளுக்கோஸைத் தசைகளுக்கும் ஈரலுக்கும் கொழுப்புத் திசுக்களுக்கும் அனுப்பிவைக்கிறது.

ஈரலிலும் தசையிலும் குளுக்கோஸ் 'கிளைக்கோஜன்' என்ற உருவில் சேமிக்கப்படுகிறது. ஈரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் இடங்கொள்ளும். அந்தக் களஞ்சியம் நிறைந்துவிட்டால் உடல் எரிப்பதற்குக் குளுக்கோஸையே முன்னே வைத்துக்கொள்கிறது. உணவில் வந்த கொழுப்பு எரியாமல் சேமிப்புக்குப் போகிறது. மிஞ்சிய மாவுச்சத்தில் ஒரு பகுதி ஈரலில் கொழுப்பாகவே மாறுகிறது. இன்ஸுலின் ஓங்கி நிற்கும் வரையில் கொழுப்புக் களஞ்சியத்தின் கதவு உள்நோக்கியே திறக்கும், வெளிநோக்கித் திறவாது. மாவுச்சத்தைக் குறைத்தால் இன்ஸுலின் தாழும். கொழுப்பு வெளிவந்து எரியும். முறையின் உடலியல் அடிப்படை இவ்வளவே.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தைப் போக்கிவிடவேண்டும். மாவுச்சத்தை மிகவும் குறைத்தவர்கள் முதல் வாரத்திலேயே இரண்டு மூன்று கிலோ குறைந்ததாக மகிழ்வார்கள். கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் தன்னுடன் மூன்று கிராம் அளவுக்கு நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கிளைக்கோஜன் செலவானதும் அந்த நீரும் சிறுநீராக வெளியேறிவிடுகிறது. ஆகவே முதல் வாரத்தில் குறைந்தது பெரும்பாலும் நீர்; கொழுப்பு அன்று. திருமண விருந்து ஒன்றில் சோறும் பாயசமும் உண்டால் மறுநாளே அந்த இரண்டு கிலோவும் திரும்பி வந்து நிற்கும். இதை அறியாதவர் முதலில் அளவுக்கு மீறி மகிழ்ந்து, பின்னர் அளவுக்கு மீறி மனம் தளர்ந்து, முறையையே கைவிட்டுவிடுகின்றனர்.

இம்முறை புதியது என்று பலர் எண்ணுகிறார்கள். அது 160 ஆண்டுக்கு முந்தியது; அதன் கதையும் சுவையானது. லண்டன் மாநகரில் வில்லியம் பாண்டிங் என்பவர் ஈமச்சடங்கு ஏற்பாடு செய்யும் தொழில் நடத்திவந்தார். அரச குடும்பத்தாரின் இறுதி ஊர்வலங்களையே நடத்திக்கொடுத்த பெருமை வாய்ந்த நிறுவனம் அவருடையது. ஐந்தடி ஐந்தங்குல உயரமுள்ள அம்மனிதர் 1862-ஆம் ஆண்டில் 202 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 92 கிலோ எடை இருந்தார். குனிந்து தம் காலணிக் கயிற்றைக் கட்ட இயலாது. முழங்கால் தாங்காமையால் மாடிப்படியில் பின்புறமாகத் திரும்பி இறங்குவார். காலையில் எழுந்து தேம்ஸ் நதியில் இரண்டு மணி நேரம் படகு வலித்துப் பார்த்தார். உடல் வலுத்தது, கூடவே பசியும் வலுத்தது, எடை ஏறியது. நீராவிக் குளியல்கள் ஐம்பது வரை எடுத்தார், பயன் சொற்பமே.

இதற்கிடையில் அவருக்குக் காது மந்தமாயிற்று. வில்லியம் ஹார்வி என்ற காது வைத்தியரிடம் சென்றார். (இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த ஹார்வி வேறு, அவர் இருநூறு ஆண்டு முந்தியவர்.) இந்த ஹார்வி, பாரிஸ் நகரில் கிளோடு பெர்னார் என்னும் பேரறிஞர், ஈரல் சர்க்கரையை உண்டாக்குவது பற்றி ஆற்றிய விரிவுரைகளைக் கேட்டவர். சர்க்கரையும் மாவும் உடலைப் பருக்கச் செய்யுமானால் அவற்றை நிறுத்திப் பார்ப்போமே என்று அவருக்குத் தோன்றியது. ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நிறுத்துமாறு பாண்டிங்கிடம் சொன்னார். இவற்றையே நாள்தோறும் நிறைய உண்டுவந்த பாண்டிங் திகைத்தார், ஆயினும் பணிந்தார். இறைச்சி, மீன், காய்கறி, சிறிதளவு பழம், ஓரவுன்ஸ் வாட்டிய ரொட்டி என்று உணவு மாறிற்று. ஓராண்டில் 46 பவுண்டு குறைந்தார், காதும் தெளிந்தது. 1863-இல் 'உடற்பருமன் பற்றிப் பொதுமக்களுக்கு ஒரு கடிதம்' என்ற சிறு பிரசுரத்தைத் தம் செலவிலேயே அச்சிட்டு முதலில் இலவசமாக வழங்கினார். அது பன்முறை மறுபதிப்பாயிற்று. அவர் பெயரே ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாகி, எடை குறைக்க உணவைக் கட்டுப்படுத்துவதைக் குறித்தது. ஸ்வீடன் நாட்டு மொழியில் அச்சொல் இன்றும் அப்பொருளில் வழங்குகிறது. பாண்டிங் 81 வயது வரை வாழ்ந்து 1878-இல் காலமானார். அவருடைய உணவுப் பட்டியலில் திராட்சை மதுவும் தாராளமாக இடம் பெற்றிருந்தது. அப்பகுதியை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை.

பாண்டிங்குக்கு வெகு காலம் முன்பே நம் நாட்டு வைத்திய நூலோரும் இதன் ஒரு பகுதியைக் கண்டிருந்தனர். சரக சம்ஹிதை, சிறுநீர் மிகும் பிரமேக நோய்க்குக் காரணம் கூறுமிடத்தில், சுகமாக உட்கார்ந்திருத்தல், மிகுதியாக உறங்குதல் என்பவற்றோடு புதுத் தானியம், வெல்லத்தாலான பண்டங்கள் ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்கிறது. அந்நோயாளருக்கு அது சிறப்பாக விதிக்கும் தானியம் வாற்கோதுமை.

ஒருவருடைய அநுபவம் அறிவியல் ஆகாது. பலரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு முறையும் மறு குழுவுக்கு வேறு முறையும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைகள் பின்னர் நடந்தன. 2008-இல் வெளிவந்த ஒன்று இஸ்ரேல் நாட்டில் 322 பேரை இரண்டு ஆண்டு கண்காணித்தது. கொழுப்பைக் குறைத்து உண்டவர்கள் சராசரி 2.9 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்து உண்டவர்கள் 4.7 கிலோவும் குறைந்தார்கள். 2018-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 609 பேரிடம் ஓராண்டு நடத்திய சோதனையில் முடிவு வேறாக இருந்தது. கொழுப்பைக் குறைத்தோர் 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தோர் 6 கிலோ. இந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது அன்று என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். இச்சோதனையில் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. சர்க்கரையையும் தீட்டிய மாவுப் பண்டங்களையும் குறைத்துக் காய்கறியைக் கூட்டும்படி இரு குழுவினருக்குமே கூறப்பட்டிருந்தது.

ஆகவே மாவுச்சத்தைக் குறைப்பது மந்திரம் அன்று. மொத்த உணவு குறையும்போதுதான் எடை குறைகிறது. புரதமும் காய்கறியும் மிகுந்த உணவு பசியை அடக்கிவைப்பதால், குறைத்து உண்பது எளிதாகிறது. அதுவே இம்முறையின் பெரிய நன்மை. இரத்தச் சர்க்கரை உயர்ந்தவர்களுக்கோ அதற்கும் மேலாக ஒரு நேரடிப் பயன் இருக்கிறது: ஒவ்வொரு வேளையும் வாய்க்காலில் பாயும் வெள்ளத்தின் அளவே குறைகிறது.

இனி நம் நாட்டு நிலைக்கு வருவோம். புனே நகரத்து வைத்திய ஆராய்ச்சியாளர் யாஜ்னிக் என்பவரும், லண்டனைச் சேர்ந்த அவர் தோழர் யூட்கின் என்பவரும் 2004-இல் தம் இருவருடைய புகைப்படத்தையே ஓர் ஆராய்ச்சி ஏட்டில் வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைக் கணக்கிடும் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. தோற்றத்தில் இருவரும் ஒல்லியானவர்கள். ஆனால் உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது ஆங்கிலேயருக்கு நூற்றுக்கு 9.1 பங்கு, நம்மவருக்கு 21.2 பங்கு! இந்தியரின் உடல் மெலிந்து தோன்றும்போதே உள்ளே, அதிலும் வயிற்றறையில், கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டா. அதனாற்றான் மேனாட்டாருக்கு 25-இல் தொடங்கும் மிகை எடை, நமக்கு 23-இலேயே தொடங்குவதாகக் கொள்ளப்படுகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டலாகாது. எடை பார்க்கும் யந்திரத்தைவிடத் தையற்காரரின் நாடாவே நமக்கு மெய்யான செய்தியைச் சொல்லும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த பெருங்கணக்கெடுப்பு 2023-இல் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு. மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாயிலில் நிற்கிறார்கள். அதே கணக்கெடுப்பின் உணவுப் பகுதி 2025-இல் வெளியாயிற்று. நாம் உண்ணும் உணவின் கலோரியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதத்திலிருந்து வருவது 12 பங்கே. தெற்கிலும் கிழக்கிலும் வெள்ளை அரிசி, வடக்கிலும் மத்தியிலும் கோதுமை. தானியம் வேறு, கதை ஒன்று. வெள்ளை அரிசிக்குப் பதிலாக முழுக்கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ உண்பதால் மட்டும் ஆபத்து குறைவதாகக் காணவில்லை என்றும், மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்து அவ்விடத்தில் பருப்பு வகையின் புரதத்தையோ பாற்புரதத்தையோ வைத்தவர்களிடம் நீரிழிவு குறைவு என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. கணக்கெடுப்பு, சோதனைக்கு ஈடாகாது. உண்டவர் உண்பதைக் குறித்துக்கொண்டதேயன்றி ஊட்டிப் பார்த்தது அன்று. ஆயினும் நம் டில்லி அன்பரின் ஆறு சப்பாத்திக்கு இதைக் காட்டிலும் நேரான விடை கிடைத்தல் அரிது.

முழுத்தானியத்தையும் சிறுதானியத்தையும் நாம் இகழ்வதாக எவரும் கொள்ளவேண்டா. தவிட்டின் அருமையை உலகுக்கு உணர்த்தியதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. நீலகிரியில் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் 1918-ஆம் ஆண்டு ஒரே அறையில், ராபர்ட் மக்காரிஸன் என்பவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். தவிடு நீங்கத் தீட்டிய அரிசியையே நம்பி வாழ்வோருக்கு வரும் நோய் அது. அந்த ஓரறை ஆராய்ச்சிக்கூடமே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இப்போது தேசிய ஊட்டச்சத்து நிலையமாக விளங்குகிறது. அன்று அரிசியின் தரத்தைப் பற்றிக் கவலைப்பட்ட அதே நிலையம், 2024-இல் வெளியிட்ட உணவு நெறிகளில் அளவைப் பற்றியும் கவலைப்படுகிறது: நாளின் கலோரியில் தானியங்களின் பங்கு நூற்றுக்கு 45-ஐ மிஞ்சாதிருத்தல் நலம் என்கிறது. தரமும் வேண்டும், அளவும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறந்துவிடுகிறோம்.

அப்படியாயின் தட்டில் எதை எவ்வளவு வைப்பது? மேனாட்டில் இம்முறையைப் பின்பற்றுவோரில் சிலர் நாளுக்கு 50 கிராம் மாவுச்சத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறார்கள். அந்த அளவில் ஈரல் கொழுப்பிலிருந்து 'கீட்டோன்' என்ற பொருள்களை உண்டாக்கி மூளைக்கு எரிபொருளாகத் தரும். காக்காய்வலிப்புக்கு வைத்தியமாக அமெரிக்காவில் 1921-இல் வகுக்கப்பட்ட முறை அது. இன்றும் அந்நோயுள்ள குழந்தைகள் சிலருக்கு வைத்தியர் மேற்பார்வையில் பயன்படுகிறது. பருப்பிலேயே மாவுச்சத்து பாதிக்கு மேல் இருப்பதால், மரக்கறி உண்பவர் அவ்வளவு கீழே இறங்குவது மிகக் கடினம். நெய்யும் பாலாடைக்கட்டியும் தேங்காயுமாக உண்டு சலித்து, மூன்றாம் மாதத்தில் பழைய தட்டுக்கே திரும்பிவிடுவார். நாம் பரிந்துரைப்பது அதுவன்று. 62 பங்கு என்பதை 50 அல்லது 55 அளவுக்கு இறக்கினாலே பலருக்குப் போதும்.

அதைச் செய்யும் வழி எளிது. தட்டை மனத்தால் நான்காகப் பிரியுங்கள். இரு கால் பாகம் காய்கறியும் கீரையும். ஒரு கால் பாகம் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் போன்ற புரதப் பொருள். எஞ்சிய கால் பாகமே சோறோ சப்பாத்தியோ. உருளையும் சேனையும் மரவள்ளியும் தானியத்தின் பக்கத்தில் சேரவேண்டியவை. காய்கறிக் கணக்கில் ஒளிந்துகொள்ள அவற்றை விடலாகாது. நம் விருந்துகளில் உருளைக்கிழங்குக் கறியைச் சோற்றுக்கு 'தொட்டுக்கொள்ள' வைப்பது, மாவுக்கு மாவையே துணையாக வைப்பதாகும்.

முதலில் காய்கறியையும் பருப்பையும் உண்டு, சோற்றை இறுதியில் உண்டால் அதே உணவுக்கே சர்க்கரை ஏறும் வேகம் தணிவதாகச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். இதற்குக் காசு செலவில்லை. உண்டபின் பத்து நிமிடம் நடத்தலும் அத்தகையதே. தசை அசையும்போது குளுக்கோஸை அது தானே இழுத்துக்கொள்கிறது. இன்ஸுலினை அவ்வளவாக எதிர்பார்ப்பதில்லை.

காலைச் சிற்றுண்டிதான் நம் நாட்டில் பெரும் இடர். இட்டலி, தோசை, உப்புமா, அவல், வடக்கே போஹா, பராட்டா, பூரி, மேற்கே தேப்லா, கிழக்கே லூச்சி. எங்கு நோக்கினும் மாவே தலைமை தாங்குகிறது. இவற்றை ஒழிக்க வேண்டுவதில்லை. நான்கு இட்டலிக்குப் பதில் இரண்டு. கூடவே ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு முட்டையோ. பருப்பு மிகுத்து அரைத்த அடை, அரிசித் தோசையைவிட மேலானது. பச்சைப்பயற்றை ஊறவைத்து அரைக்கும் ஆந்திரத்துப் பெசரட்டு அதனினும் மேலானது. வங்காளிக்கு மீன் இருக்கிறது. பஞ்சாபிக்கு ராஜ்மாவும் பனீரும் இருக்கின்றன. குஜராத்தியருக்குக் கடலைமாவு இருக்கிறது. ஒவ்வொரு நாட்டாரும் தம் அடுக்களையிலேயே மாற்றைக் காணலாம். அவகாடோவையும் பாதாம் மாவையும் தேடி அலைய வேண்டுவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத சர்க்கரை ஒன்று உண்டு. தேநீரோ காப்பியோ நாளைக்கு நான்கு முறை, முறைக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் 40 கிராம் ஆகிறது. பலர் சோற்றில் ஒரு கரண்டி குறைத்துவிட்டு இதைக் கணக்கில் எடுப்பதேயில்லை. பழத்தை உண்ணலாம், சாறு பிழிந்து பருகுவது வேறு. நாரை வீசிவிட்டு மூன்று பழத்தின் சர்க்கரையை ஒரே மூச்சில் விழுங்குவது அது. வெல்லமும் தேனும் பனங்கற்கண்டும் சர்க்கரையின் உறவினரே. அவற்றுக்கு நோயாளியின் வீட்டில் கிடைக்கும் மரியாதை தகுதிக்கு மிஞ்சியது.

குறைத்த இடத்தை எதனால் நிரப்புகிறோம் என்பதும் முக்கியம். 2018-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மாவுச்சத்து மிகக் குறைந்தோரிடமும் மிக மிகுந்தோரிடமும் இறப்பு மிகுதியாக இருந்தது. நூற்றுக்கு 50 முதல் 55 பங்கு வரை உண்டவர்களிடம் குறைவாக இருந்தது. அதிலும் மாவுச்சத்துக்குப் பதிலாக இறைச்சிக் கொழுப்பையும் புரதத்தையும் மிகுத்தோரைவிட, பருப்பும் கொட்டைகளும் காய்கறியும் மிகுத்தோர் நெடுநாள் வாழ்ந்தார்கள். 'மாவுச்சத்தைக் குறைத்துவிட்டேன், இனி நெய் எவ்வளவு வேண்டுமானாலும்' என்பவர், மூன்று மாதத்தில் இரத்தக் கொழுப்பைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

இனி எச்சரிக்கை. இப்பகுதியை விரைந்து தாண்டிவிட வேண்டா என்று வேண்டுகிறோம். நீரிழிவுக்கு இன்ஸுலின் ஊசியோ, கிளிமெபிரைடு போன்று இன்ஸுலினைத் தூண்டிச் சுரக்கவைக்கும் மாத்திரையோ எடுப்பவர், மருந்தின் அளவை மாற்றாமல் உணவில் மாவுச்சத்தைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல், மயக்கம் என்று அது வளரும். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகள் டாபாகிளிஃப்ளோசின் முதலியவை. அவற்றை உட்கொள்வோர் கடும் மாவுக்குறைப்பில் இறங்கினால் கீட்டோன் மிகுந்து இரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. இரத்தச் சர்க்கரை பெரிதும் ஏறாதபோதே அது நேர்வதால் கண்டுபிடிப்பதும் அரிது. இரத்தக் கொதிப்புக்கு மருந்து எடுப்பவருக்கும் உடலில் நீர் குறையும்போது அழுத்தம் தாழலாம். ஆதலின் இவர்கள் யாவரும் முதலில் வைத்தியரிடம் சென்று, மருந்தைக் குறைப்பது பற்றிக் கேட்டுக்கொண்டு, அதன் பின்னரே தட்டைக் குறைக்கவேண்டும். கருவுற்ற தாய்மார், வளரும் குழந்தைகள், சிறுநீரகம் பழுதுற்றோர், இன்ஸுலின் அறவே சுரக்காத வகை நீரிழிவு உள்ளோர் ஆகியோர் தாமாக இதில் இறங்கலாகாது.

மற்றொன்று, சொல்லக் கூச்சமாயினும் சொல்லவேண்டியது. மாவுச்சத்தைக் குறைக்கும்படி கூறுவது வயிறு நிறைய உண்போருக்கு உரைக்கும் உபதேசம். 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பெரும்பாலான குடும்பங்களில் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம் கிடைக்கிறது. நாளுக்கு 167 கிராம். 2023 முதல் அதற்கு விலையும் இல்லை. பஞ்சத்தை அறிந்த நாட்டுக்கு இது சிறிய காரியம் அன்று. ஆனால் இலவசமாய் வருவது தானியமே; பருப்பும் முட்டையும் காய்கறியும் பணம் கொடுத்து வாங்கவேண்டியவை. குடும்பத்தில் எல்லோரும் உண்டபின் உண்ணும் பெண்ணின் தட்டில் பருப்பு தீர்ந்து சோறும் ரசமுமே எஞ்சியிருக்கும். அப்பெண்ணிடம் 'மாவுச்சத்தைக் குறை' என்று சொல்வது, உண்ணாதே என்று சொல்வதற்கு ஒப்பாகும். அவளுக்குச் சொல்லவேண்டியதை அவளிடம் சொல்லலாகாது. அவளுக்கு முன்னே உண்டு எழுபவரிடம் சொல்லவேண்டும். பருப்பை எல்லோருக்கும் முன்கூட்டியே பங்கிட்டு வைக்கட்டும். வேர்க்கடலையும் கொண்டைக்கடலையும் மலிவான புரதம். 30 கிராம் வேர்க்கடலை ஒரு முட்டைக்கு மேலான புரதத்தைத் தருகிறது.

நம் டில்லி அன்பருக்கு இக்கணக்கை எல்லாம் எழுதிக் காட்டினோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அப்படியானால் சோற்றை விட்டிருக்கவே வேண்டியதில்லையா?" என்று கேட்டார். இல்லை என்றோம். வைத்தியரைக் கண்டு மாத்திரையின் அளவைத் திருத்திக்கொண்டு, பகலில் ஒரு கரண்டிச் சோறு, இரவில் இரண்டு சப்பாத்தி, இரு வேளையும் கிண்ணம் நிறையப் பருப்பு, தட்டில் பாதி காய்கறி என்று மாற்றிக்கொண்டார். மாலை ஐந்து மணிக்குப் பிஸ்கோத்து இருந்த டப்பாவில் இப்போது வறுத்த கடலை இருக்கிறது. ஏழு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தார். அரைக்கச்சையில் இரண்டு துளை உள்ளே போயிற்று. ஞாயிற்றுக்கிழமை தோறும் வற்றல்குழம்பைச் சோற்றில் பிசைந்து உண்கிறார். அது அந்த ஒரு கரண்டிச் சோற்றுக்குள் அடங்கவேண்டும் என்பது அவருடைய மனைவியாரின் நிபந்தனை. கரண்டி எது என்பதில்தான் இருவருக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.